பெரிய டாக்டர் ரெக்கமண்டேஷன் லெட்டர் தருகிறேன் என்கிறார்: மெடிக்கல் ஸ்கூலுக்கு வாங்கலாமா?

வாசல்கோலம் எழுதியது:

வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். பையன் காலேஜில் மூன்றாம் வருஷம். ஜூன் மாதம் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக மெடிக்கல் ஸ்கூல்களுக்கு அப்ளை பண்ணப் போகிறான். ஜிபிஏ நாலுக்கு 3.7, எம்கேட் நுழைவுத் தேர்வு ஏப்ரலில். மார்க், பரீட்சை என்றால் எங்களுக்குப் புரிகிற பாஷை. நானும் அவன் அப்பாவும் கட்-ஆஃப் பார்த்து, கவுன்சலிங் போய்ப் படித்தவர்கள். இந்த லெட்டர் விவகாரத்தில்தான் தலைகால் புரியவில்லை. வீட்டில் ஒரு வாரமாக அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் குடும்ப நண்பர் ஒருவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர். நல்ல பெயர் உள்ளவர். பையனை விசேஷ வீடுகளில் நாலைந்து முறை பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். "நான் ஒரு லெட்டர் போட்டால் ஃபைலைக் கையில் எடுப்பார்கள்" என்று அவராகவே சொன்னார். கணவர் உடனே வாங்கச் சொல்கிறார். பையன் முடியவே முடியாது என்கிறான்.

இரண்டாவது, அவன் லேபில் வேலை பார்க்கும் உயிரியல் ப்ரொஃபசர், "நீயே எழுதிக்கொண்டு வா, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்" என்றாராம். அது சரியா?

மூன்றாவது, லெட்டரைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று ஒரு கேள்வி வருகிறதாம். உரிமையை எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கணவர் கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்டெத் எழுதியது:

சகோதரி, நான் இங்கே ஒரு மெடிக்கல் ஸ்கூலின் அட்மிஷன் கமிட்டியில் ஏழு வருஷம் ஃபைல் படித்தவன். உங்கள் பையன் சொல்வதுதான் சரி. ஏன் என்று சொல்கிறேன்.

நமக்குச் "சிபாரிசு" என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. சிபாரிசுக் கடிதம் என்றால் யார் கொடுத்தார் என்பதுதான் நமக்குச் சங்கதி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பிரித்துப் படிப்பதில்லை, லெட்டர்ஹெட்டைப் பார்த்தாலே வேலை முடிந்துவிடும். இங்கே கேட்கிற கடிதத்துக்கு ஆம்காஸ் வைத்திருக்கும் பெயரே "லெட்டர் ஆஃப் இவாலுவேஷன்", அதாவது மதிப்பீட்டுக் கடிதம். ஒருவருக்கு வேண்டி நிற்பதற்கு அதில் வேலை இல்லை. இந்தப் பிள்ளை வேலை செய்ததை, தடுமாறியதை, எழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லும் சாட்சிக் கடிதம் அது. சம்பவ இடத்தில் இல்லாதவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சாட்சி சொல்ல முடியுமா?

ஒரு ஞாயிறு நான் வீட்டில் உட்கார்ந்து படித்த இரண்டு கடிதங்களைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதலாவது, ஒரு துறைத் தலைவர் எழுதியது. நான்கு பத்தி. முதல் பத்தியில் அவர் யார். இரண்டாவதில் அவருடைய ஆராய்ச்சி என்ன. மூன்றாவதில் அந்த மாணவன் அவர் வீட்டுக்கு வேண்டியவன் என்றும், நல்ல குடும்பம் என்றும். நான்காவதில் "தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்". படித்து முடித்ததும் அவரைப் பற்றி எனக்கு நிறையத் தெரிந்திருந்தது. அந்தப் பையனைப் பற்றிக் குறிப்பெழுதப் பேனாவை எடுத்தேன், எழுத ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, ஒரு முதியோர் இல்லத்தில் தன்னார்வலர்களைக் கவனித்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் எழுதியது. ஒரு பக்கம்கூட இல்லை. அங்கே காது கேட்காத ஒரு பெரியவர். எல்லோரும் அவர் காதருகே போய்க் கத்துவார்கள், அவர் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்தப் பெண் அடுத்த வாரம் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் தடித்த பேனாவும் கொண்டு வந்தாள். "இன்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று எழுதிக் காட்டினாள். அவர் பலகையை வாங்கி, தன் கையாலேயே பதில் எழுதினார். அப்புறம் அந்தப் பலகை அவர் கட்டிலிலேயே தங்கிவிட்டது, நர்ஸ்களும் அதையே எடுத்து எழுத ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை என்று அந்த அம்மாள் ஒரு வரி சேர்த்திருந்தார். கமிட்டியில் அந்தப் பெண்ணின் ஃபைல் வந்தபோது எல்லோரும் முதலில் பேசியது பலகையைப் பற்றித்தான்.

அந்த ஒருங்கிணைப்பாளருக்குப் பட்டம் எதுவும் இல்லை. அவர் பெயரை நாங்கள் யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை.

ஆம்காஸில் பத்துக் கடிதம் வரை சேர்க்கலாம். அதற்காகப் பத்தையும் நிரப்ப வேண்டாம். பல கல்லூரிகள் வழக்கமாகக் கேட்பது அறிவியல் பாடம் எடுத்த இருவர், அறிவியல் அல்லாத பாடம் எடுத்த ஒருவர். அதோடு ஆராய்ச்சியிலோ தொண்டிலோ கூட இருந்து பார்த்த ஒருவர் இருந்தால் போதும். எந்தக் கடிதம் எந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று தனித்தனியாகக் குறிக்க முடியும். ஒவ்வொரு கல்லூரியும் தன் பக்கத்தில் என்ன கேட்கிறது என்பதைப் பையன் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். சில இடங்கள் இத்தனைக்கு மேல் படிக்க மாட்டோம் என்றே சொல்கின்றன.

நேர்வழி எழுதியது:

டாக்டர் சார் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒரு தகப்பனாக மாற்றுக் கருத்தையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக டாக்டராக இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எல்லாக் கதவும் பழக்கத்தில்தான் திறக்கிறது. யார் லேபில் சேரலாம், யாரைக் கேட்கலாம் என்று சாப்பாட்டு மேஜையிலேயே தெரிந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது. தெரிந்த ஒரே ஒரு பெரிய டாக்டர் மனமுவந்து தருகிறேன் என்றால் அதையும் வேண்டாம் என்பதா? வாசல்கோலம் அம்மாவின் கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பத்துக்கு இடம் இருக்கும்போது ஒன்று கூடுதலாகப் போனால் என்ன கெட்டுவிடும்?

பழைய ஸ்டெத் எழுதியது:

நேர்வழி, முதல் பாதியில் நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கும் வழிகாட்டல் மற்றப் பிள்ளைக்கு இல்லை. கமிட்டியில் அது எனக்கு ஒவ்வொரு வருஷமும் உறுத்தியது.

இரண்டாம் பாதியில்தான் மாறுபடுகிறேன். கூடுதல் கடிதத்தால் கெடுதல் உண்டு. ஐந்து முறை பார்த்தவர் எழுதிய கடிதத்தைப் படிக்கும்போது, இவன் ஏன் இவரைக் கேட்டான் என்ற கேள்வி வருகிறது. தன்னை நன்றாகத் தெரிந்தவர் போதவில்லையா? பெயர் இருந்தால் போதும் என்று நினைக்கிற ஆளா? நல்ல மூன்று கடிதங்களோடு நாலாவதாக அது வரும்போது மற்ற மூன்றின் மேலும் நிழல் விழுகிறது. குடும்பத்தினரும் குடும்ப நண்பர்களும் எழுதும் கடிதம் வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. செனட்டர், மேயர் கடிதங்களுக்கும் இதே கதிதான்.

அந்த நிபுணரால் பையனுக்கு உதவ முடியாது என்று நான் சொல்லவில்லை. உதவியை வேறு பக்கம் திருப்புங்கள். அதைக் கீழே யாராவது கேட்டால் சொல்கிறேன்.

வேதியியல் வாத்தியார் எழுதியது:

நான் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி நடத்துபவன். வருஷத்துக்கு இருபது, இருபத்தைந்து கடிதம் எழுதுகிறேன். இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

"நீயே எழுதிக்கொண்டு வா" என்று சொல்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வேலைப்பளு. கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் மாணவன் அதைச் செய்யக் கூடாது. வேறொருவர் பார்வையில் நான் எப்படி இருக்கிறேன் என்பதற்குத்தான் அந்தக் கடிதம். அதை நானே எழுதினால் படிப்பவரை ஏமாற்றுகிறேன். தர்மத்தை ஒரு பக்கம் வைத்தாலும் அது மோசமான கடிதமாகத்தான் வரும். இருபது வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிச் சொல்லத் தெரிந்ததெல்லாம் "கடினமாக உழைப்பேன், ஆர்வம் உண்டு" என்பதுதான். எழுதிக் கொண்டு போன அந்தக் கடிதமும், அவனே தன்னைப் பற்றி எழுதிய பர்சனல் ஸ்டேட்மெண்டும் ஒரே குரலில் பேசும். நிறையப் படித்தவர்களுக்கு அது இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும். இப்போது இயந்திரத்திடம் கொடுத்து எழுதி வாங்கும் பழக்கமும் வந்திருக்கிறது. அதில் எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளைதான்.

முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் வேண்டாம். "சார், வாக்கியம் உங்களுடையதாகவே இருக்கட்டும். உங்கள் நேரம் மிச்சமாகும்படி நடந்ததை எல்லாம் குறிப்பாக எழுதித் தருகிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். உண்மையில் அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். யார் எப்போது என்ன செய்தார்கள் என்பது நினைவில் நிற்பதில்லை. ஒரு வகுப்பில் 180 பேர்.

குறிப்பில் என்ன இருக்க வேண்டும்? மார்க் லிஸ்ட் ஏற்கெனவே கல்லூரிக்குப் போகிறது, அதை நான் திருப்பிச் சொல்லிப் பயனில்லை. கடிதம் எழுதுவோருக்கு ஏஏஎம்சி, அதாவது ஆம்காஸை நடத்தும் மருத்துவக் கல்லூரிகள் சங்கம், ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அதில் சொல்வது: நீளத்தைவிடத் தரம் முக்கியம், உன் பாடத்தையோ லேபையோ விவரிக்காமல் மாணவனைப் பற்றி எழுது, எவ்வளவு நாளாக, எந்த வகையில் தெரியும் என்று சொல், மார்க்கைப் பற்றிப் பேசினால் பின்னணியோடு பேசு, மற்றவரோடு ஒப்பிட்டால் எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறாய் என்று சொல். அப்படியானால் எனக்குத் தேவை சம்பவங்கள்.

ஒரு உதாரணம். முதல் மிட்-டெர்ம் தேர்வில் ஒரு மாணவன் நூற்றுக்கு 41. மார்க் கூட்டிக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் தன் விடைத்தாளைச் சிவப்புப் பேனாவால் திரும்பத் திருத்தி எடுத்து வந்திருந்தான். "சார், பதினொரு இடத்தில் தப்பு. ஆனால் பதினொன்றும் ஒரே தப்பு" என்றான். வினைவழி, அதாவது ஒரு வினை படிப்படியாக நடக்கும் விதம், வரையும்போது எலக்ட்ரான் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் வளைந்த அம்பு கிளம்ப வேண்டும், பிணைப்பிலிருந்தோ தனி எலக்ட்ரான் இணையிலிருந்தோ. அவன் எல்லா இடத்திலும் ஹைட்ரஜனிலிருந்து அம்பைக் கிளப்பியிருந்தான். புரோட்டான் நகர்கிறது என்று மனதில் படம் ஓடியதால் அம்பையும் அதோடு ஓட விட்டிருக்கிறான். தன் தப்பின் வேர் எங்கே என்று அவனே கண்டுபிடித்துவிட்டான், நான் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த தேர்வில் 88. டிசம்பரில் பார்க்கிறேன், நூலகத்தில் நாலு பேரை உட்கார வைத்து "அம்பு எங்கிருந்து கிளம்புது, அதை மட்டும் கேளு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவனுக்கு 'பி ப்ளஸ்' தான் வந்தது. கேட்கவே தயங்கினான், 'ஏ' வாங்கிய பாடத்தில் கேட்கலாமா என்று யோசித்தானாம். நல்லவேளை என்னிடம் வந்தான். நான் எழுதியதிலேயே எளிதாக எழுதிய கடிதம் அது. நோயாளி விஷயத்தில் தப்பு நடந்தால் இந்த ஆள் அதை மூடி மறைக்காமல் வேர் வரை போய்ப் பார்ப்பான் என்று நான் மனசாரச் சொல்ல முடிந்தது.

இரண்டாம் சுற்று எழுதியது:

வாத்தியார் சார் எழுதியதைப் படிச்சதும் கண் கலங்கிடுச்சு. நான் இதை எல்லாம் தலைகீழா செஞ்சு, ஒரு வருஷம் இழந்து, மறுபடி அப்ளை பண்ணி இப்ப ரெண்டாம் வருஷ மெடிக்கல் ஸ்டூடண்ட். என் தப்பை எழுதறேன், தம்பிக்கு உதவட்டும்.

முதல் தடவை நான் 'ஏ' வாங்கின பாடமாப் பாத்து மூணு ப்ரொஃபசரைத் தேர்ந்தெடுத்தேன். அதுல ஒருத்தர் என்கிட்ட மொத்தமா ரெண்டு தடவை பேசியிருப்பார். மே கடைசில மூணு வரில ஈமெயில் போட்டேன்: "ரெக்கமண்டேஷன் வேணும், ரெண்டு வாரத்துல கொடுக்க முடியுமா?" அவரும் சரின்னார். நானும் சந்தோஷமா இருந்தேன். பதினேழு இடத்துக்கு அப்ளை பண்ணி ஒரே ஒரு இன்டர்வியூ, அதுலயும் வெயிட்லிஸ்ட். அப்புறம் காலேஜ்ல மெடிக்கல் மாதிரி படிப்புக்கு அப்ளை பண்றவங்களுக்கு வழிகாட்டற ப்ரீ-ஹெல்த் ஆலோசகர்கிட்ட போய் உட்கார்ந்தேன். அவங்க கடிதத்தைக் காட்டல, காட்டவும் முடியாது. "அடுத்த தடவை உன்னை நல்லாத் தெரிஞ்சவங்களைக் கேளு. குறிப்பா ஒரு கடிதத்தை மாத்து"ன்னாங்க. எதுன்னு கேட்டேன். என் முகத்தையே பாத்துட்டு இருந்தாங்க. புரிஞ்சிடுச்சு.

அந்த ப்ரொஃபசர் மேல எனக்குக் கோபம் இல்ல. என்ன எழுதுவார் பாவம்? வகுப்புக்கு வந்தாள், 'ஏ' வாங்கினாள். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

ரெண்டாவது தடவை கேட்ட விதத்தை மாத்தினேன். நேர்ல போய், "மெடிக்கல் ஸ்கூலுக்கு எனக்காக ஒரு வலுவான கடிதம் எழுத முடியும்னு உங்களுக்குத் தோணுதா? இல்லேன்னா தாராளமா சொல்லுங்க, நான் வேற ஒருத்தரைக் கேக்கறேன்"னு கேட்டேன். இந்த "இல்லேன்னா சொல்லுங்க" ரொம்ப முக்கியம். ஒருத்தங்க கொஞ்சம் யோசிச்சுட்டு, "உன்னைப் பத்தி இன்னும் நல்லா எழுதக்கூடியவங்க இருப்பாங்க"ன்னாங்க. அன்னிக்கு வலிச்சுது. ஆனா அப்படிச் சொன்னதுக்கு இன்னிக்கும் அவங்களுக்கு நன்றி சொல்றேன்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா என் நண்பன் மூணு வாரம் இதுல மாட்டினான். கடிதம் லெட்டர்ஹெட்ல இருக்கணும், கையெழுத்து இருக்கணும். அவன் ப்ரொஃபசர் வெறும் தாள்ல, கையெழுத்து இல்லாம ஏத்திட்டார். ஆம்காஸ்ல ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு லெட்டர் ஐடி தரும், அதை எழுதறவங்களுக்குச் சரியா அனுப்பணும். கடிதம் வராம இருந்தாலும் அப்ளிகேஷனை சப்மிட் பண்ணலாம், சரிபார்ப்பு வேலை கடிதத்துக்காக நிக்காது. ஆனா கல்லூரி பக்கத்துல கடிதம் வந்தாதான் ஃபைல் முழுமையாகும். பெரும்பாலான இடத்துல ஃபைல் வந்து சேரச் சேர இன்டர்வியூ குடுக்கறாங்க, அதனால லேட் ஆனா இடம் குறையும்.

கீழக்கரையோரம் எழுதியது:

பிரிட்டனில் இருப்பவர்களுக்காக ஒரு வரி: இங்கே கதையே வேறு. யூகாஸ் என்ற இங்குள்ள பொது விண்ணப்பச் சேவையில் ஒரே ஒரு ரெஃபரன்ஸ்தான், அதைப் பள்ளிக்கூடமே எழுதி அனுப்பும். பிள்ளை ஆளைத் தேடிப் போகும் வேலை இல்லை. மருத்துவத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, மற்றப் பாடங்களைவிட மிக முன்னதாக. ஆகவே கோடை விடுமுறைக்கு முன்பே ஆசிரியரிடம் பேசி, வீட்டில் நோய், பள்ளி மாற்றம் என்று படிப்பைப் பாதித்தது ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல ரெஃபரன்ஸில் தனி இடமே இருக்கிறது. சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இரவுப்பணி எழுதியது:

நான் ரெசிடென்ஸி, அதாவது பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் பயிற்சி, மூன்றாம் வருஷத்தில் இருக்கிறேன். மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், வாசல்கோலம் அக்கா.

அந்த உரிமை 1974இல் வந்த ஃபெர்பா என்ற அமெரிக்கக் கல்விப் பதிவுச் சட்டத்திலிருந்து வருகிறது. மாணவர் தன் கல்விப் பதிவுகளைப் பார்க்கலாம் என்று அது சொல்கிறது. பரிந்துரைக் கடிதம் விஷயத்தில் மட்டும் மாணவர் விரும்பினால் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்தால்தான் இடம் தருவோம் என்று கல்லூரி கட்டாயப்படுத்தக் கூடாது. விட்டுக்கொடுத்த பிறகும் யார் யார் எழுதினார்கள் என்று பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்தக் கடிதத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது. ஆக, அண்ணன் பயப்படுகிற அளவுக்கு எதுவும் கைவிட்டுப் போவதில்லை. தான் சேராத கல்லூரியிடம் போய் என் கடிதத்தைக் காட்டு என்று இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்கவும் முடியாது.

நடைமுறையில் கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுக்கொடுக்கிறார்கள், நானும் கொடுத்தேன். மாணவன் படிப்பான் என்று தெரிந்தால் எழுதுபவர் தயங்கித்தான் எழுதுவார், படிப்பவரும் பாதிதான் நம்புவார். சிலர் அப்படிப்பட்ட கடிதம் எழுதவே ஒப்புக்கொள்வதில்லை. கடிதத்தில் என்ன இருக்குமோ என்று பயமாக இருந்தால், ஆளை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

இன்னொன்று, பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனியுங்கள். ஃப்ரான்ஸிஸ் ட்ரிக்ஸ், கரோலின் சென்கா இருவரும் ஓர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியர் வேலைக்காக வந்த 300க்கும் மேற்பட்ட கடிதங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். வேலை கிடைத்தவர்களுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் அவை. அதிலேயே பெண்களுக்கு எழுதியவை சராசரியாகக் குட்டையாக இருந்தன. ஐயத்தைக் கிளப்பும் வாக்கியங்கள் கூடுதலாக இருந்தன. உழைப்பு, விடாமுயற்சி என்ற பாராட்டு பெண்களுக்கு அதிகம், ஆராய்ச்சியைப் பற்றிய பேச்சு ஆண்களுக்கு அதிகம். நம் வீடுகளில் "ரொம்ப அடக்கம், ரொம்ப உழைப்பாளி" என்பதுதான் பெண்ணுக்குக் கொடுக்கும் உச்சப் பட்டம். கடிதத்தில் அது மட்டும் இருந்தால் திறமை இல்லை, உழைத்து ஈடுகட்டுகிறாள் என்று படிக்க இடம் இருக்கிறது. அதனால் குறிப்பு எழுதிக் கொடுக்கும்போது, அந்தச் சோதனையை நான்தான் வடிவமைத்தேன், அந்த முடிவை நான்தான் எடுத்தேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். எனக்கு அப்படி எழுதக் கூச்சமாக இருந்தது, என் லேப் அக்கா உட்கார வைத்து எழுத வைத்தார்.

இந்தியாவில் எம்பிபிஎஸ் முடித்து ரெசிடென்ஸிக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈராஸ் என்ற ரெசிடென்ஸி விண்ணப்பச் சேவையில் ஒரு ப்ரோக்ராமுக்கு அதிகபட்சம் நான்கு கடிதம். அதற்காக அப்சர்வர்ஷிப் (மருத்துவமனையில் கூட நின்று பார்க்க மட்டும் கிடைக்கும் வாய்ப்பு) தேடும்போது, பணம் கட்டினால் கடிதம் உறுதி என்று சொல்கிற இடங்களிலிருந்து விலகியே இருங்கள். நோயாளியைத் தொடாமல் ஓரமாக நின்றவரைப் பற்றி, நின்றார் என்பதற்கு மேல் ஒருவர் நேர்மையாக எழுத முடியாது.

வாசல்கோலம் எழுதியது:

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. கணவரை உட்கார வைத்து முழுவதையும் படிக்கச் சொன்னேன். முதியோர் இல்லப் பலகை வந்த இடத்தில் நிறுத்தி, திரும்பவும் ஒரு முறை படித்தார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. இரவு பையன் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தார்.

ஒரே சங்கடம்தான் மிச்சம். அந்த நண்பர் ஆசையாகச் சொன்னார், இப்போது வேண்டாம் என்றால் மனம் நோகாதா? பதினைந்து வருஷப் பழக்கம். பழைய ஸ்டெத் ஐயா, உதவியை வேறு பக்கம் திருப்பலாம் என்றீர்களே, அதைச் சொல்லுங்கள்.

பழைய ஸ்டெத் எழுதியது:

உள்ளதைச் சொல்லுங்கள் சகோதரி. "பையன் வேலை செய்வதைக் கூட இருந்து பார்த்தவர்கள் எழுதுவதுதான் முறையாம். ஆனால் உங்களால் மட்டும் செய்ய முடிந்த ஒரு காரியம் இருக்கிறது" என்று தொடங்கி, பயிற்சிக்காக ஒரு மாதிரி இன்டர்வியூ நடத்தித் தரக் கேளுங்கள். ஒரு மணி நேரம், வேறு யாரும் இல்லாமல், எதிரே உட்கார வைத்து, "ஏன் டாக்டராக வேண்டும்? ஏன் நர்ஸ் ஆகக் கூடாது? ஒரு நோயாளி உன் சிகிச்சை வேண்டாம் என்றால் என்ன செய்வாய்?" என்று விரட்டி விரட்டிக் கேட்கச் சொல்லுங்கள். முப்பது வருஷம் நோயாளிகள் முன் உட்கார்ந்தவர் கேட்கிற கேள்வி ஆயிரம் டாலர் கொடுத்தாலும் கோச்சிங் இடத்தில் கிடைக்காது. நேர்வழி சொன்ன அந்தச் சாப்பாட்டு மேஜை இதுதான். பையனுக்கு அது கிடைக்கட்டும்.

அவருடைய மருத்துவமனையில் சில நாள் ஷேடோயிங், அதாவது டாக்டர் கூடவே போய் வேலையைப் பார்ப்பது, கிடைத்தாலும் நல்லது, அனுபவமாக அப்ளிகேஷனில் எழுதலாம். அதை வைத்துக் கடிதம் மட்டும் கேட்க வேண்டாம்.

பையனின் காலேஜில் ப்ரீ-ஹெல்த் கமிட்டி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காலேஜ் சார்பில் அந்தக் கமிட்டியே எழுதும் கமிட்டிக் கடிதம் தருகிற காலேஜாக இருந்தால் அதை வாங்காமல் விடக் கூடாது. ஏன் வாங்கவில்லை என்று இங்கே கேட்பார்கள். அதற்குத் தனிக் கெடு இருக்கும், பல இடங்களில் அது வசந்த காலத்திலேயே முடிந்துவிடும்.

அம்மாவின் மகன் எழுதியது:

வணக்கம், நான்தான் அந்தப் பையன். தமிழில் டைப் பண்ண அம்மா உதவி செய்கிறார்.

முதலில், காலேஜில் கேட்டேன். எங்கள் காலேஜில் கமிட்டிக் கடிதம் கிடையாது. தனித்தனிக் கடிதம்தான்.

வியாழன் அன்று லேப் ப்ரொஃபசரைப் பார்க்கப் போனேன். வாத்தியார் சார் சொன்ன மாதிரியே சொன்னேன். ஒரு பக்கம் குறிப்பு கொண்டு போயிருந்தேன், ஆறு சம்பவம். அவர் ஐந்தைப் படித்துத் தலையாட்டினார். ஆறாவதில் நிறுத்தினார். போன வருஷம் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் ஒரு சனிக்கிழமை இரவு பழுதாகி அலாரம் அடித்தது. நான் அங்கே இருந்தேன். எல்லா மாதிரிகளையும் மாற்ற இடமில்லை. எது போனால் திரும்பச் செய்ய முடியாது என்று லேப் நோட்டைப் பார்த்து, நோயாளிகளிடமிருந்து வந்த மாதிரிகளை முதலில் பக்கத்து லேப் ஃப்ரீசருக்கு மாற்றினேன். என்னுடைய சொந்தச் சோதனை மாதிரிகளைக் கடைசியில் வைத்தேன், அவை உருகிப் போய்விட்டன. ஆறு வார வேலை. திங்கட்கிழமை அவரிடம் ஃப்ரீசர் கெட்டுவிட்டது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். என் மாதிரிகள் போனதைச் சொல்லவில்லை, தேவைப்படவில்லை என்று நினைத்தேன்.

"உன்னுடையது போயிற்றா? எனக்கு ஏன் தெரியாது?" என்று கேட்டார். நாற்பது நிமிஷம் பேசினோம். குறிப்பை வைத்துக்கொண்டு, "நீ எழுத வேண்டாம், நானே எழுதுகிறேன். எப்போது வேண்டும்?" என்றார்.

சர்ஜன் அங்கிளுக்கு அப்பாவே ஃபோன் பண்ணினார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லையாம். அப்புறம் "சனிக்கிழமை காலையில் ஏழு மணிக்கு அனுப்பு, டை கட்டிக்கொண்டு வரச் சொல்" என்றாராம்.

என் கேள்வி: ப்ரொஃபசர் இப்போதே எழுதத் தயாராக இருக்கிறார். லெட்டர் ஐடி எங்கே கிடைக்கும்? ஆம்காஸில் தேடினேன், இல்லை.

இரண்டாம் சுற்று எழுதியது:

தம்பி, இந்த வருஷ அப்ளிகேஷன் மே மாசம்தான் திறக்கும். அப்ப நீ அக்கவுண்ட் போட்டு, கடிதம் எழுதறவங்க பேரைச் சேத்தாதான் ஐடி வரும். இப்பவே எழுதறார்னா இன்டர்ஃபோலியோங்கற கடிதம் சேமிச்சு வைக்கற இணையச் சேவைல ஏத்தி வைக்கச் சொல்லு, அங்கேயே பத்திரமா இருக்கும், மே மாசம் நீ ஐடியைப் போட்டு ஆம்காஸுக்கு அனுப்பிக்கலாம். லெட்டர்ஹெட், கையெழுத்து ரெண்டையும் நினைவுபடுத்து. மத்த ரெண்டு பேரையும் இந்த மாசமே கேட்டுடு, செமஸ்டர் முடிவுல எல்லாரும் அவங்களைத்தான் தேடுவாங்க.

வேதியியல் வாத்தியார் எழுதியது:

மே வந்ததும் அவருக்கு ஒரு சின்ன நினைவூட்டல், கெடுவுக்கு இரண்டு வாரம் முன்னால் இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவை அவருக்கு எழுது தம்பி. நாங்கள் எழுதிய கடிதங்கள் எங்கே போயின, என்ன ஆயின என்று பாதிப் பேர் சொல்வதே இல்லை. நாங்கள் காத்துக்கொண்டிருக்கிறோம்.